ஒரு கைக்கு எட்டும் பை

அத்தியாயம் 11

ஆர்வோ இதுவரை இரண்டு பை வாங்கி, இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டர் பே ஊரில் ஆர்வோ மின்வாரிய லைன்மேன். மனைவி காலீன் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவர்களுடைய ஒரே மகள் ஹில்யா, பத்து வாரம் முன்னதாகவே அவசரப்பட்டுப் பிறந்தவள். ஒரு கிலோ முந்நூறு கிராம். ஏழு வாரம் ஆஸ்பத்திரியின் இன்குபேட்டர் பெட்டியில் கிடந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை. அதில் ஒரு கைதான் நுழையும். அந்த ஒரு கையால்தான் ஆர்வோ தன் மகளை முதலில் அறிந்தான்.

இப்போது ஹில்யாவுக்கு ஐந்தரை மாதம். திங்கட்கிழமை காலீன் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதுவும் ஷிஃப்ட் சூப்பர்வைசராக. அப்பனுக்குரிய விடுப்பில் ஆர்வோ வீட்டில் இருப்பான். ஏற்பாடெல்லாம் சரி. ஆர்வோவின் கைதான் சரியில்லை. பிள்ளை மேலிருந்து அவன் கையை எடுப்பதே இல்லை. தூங்கினால்கூட தொட்டில் கம்பி வழியாகக் கையை நுழைத்து, அவள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மிச்சமிருக்கும் ஒரு கையால் சமைக்க முடியுமா, வண்டி ஓட்ட முடியுமா? ஏன் இப்படி என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது போன வாரம் வரை எனக்கே பிடிபடவில்லை.

இனி வெள்ளிக்கிழமை காலைக்கு வருவோம்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் ஆபீசுக்குப் பதில் சொல்லணும்" என்றாள் காலீன். "அந்த சீட்டுல நான் உக்காரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"தெரியும்."

"பதினோரு மணிக்கு கிளினிக். எடை பாக்கணும், ஊசி போடணும். நீ கூட்டிட்டுப் போ. நான் வரல. ஃபோனும் பண்ண மாட்டேன். திரும்பி வந்து, உன்னால தனியாப் பாத்துக்க முடியுமா முடியாதான்னு ஒரே வார்த்தை சொல்லு. முடியாதுன்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். வேலைய விட்டுடறேன், அவ்வளவுதான்."

ஆர்வோ மகளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தான். "பை இல்லையே, காலீன்."

காலீன் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தாள். "ஒரு டயபர் பைக்கு ஒரு மாசமா? உங்க குடும்பத்துல படகு வாங்கறதுக்குக்கூட யாரும் இவ்வளவு யோசிச்சதில்ல."

"ரெண்டு கையும் வேண்டியிருக்கிற பையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. முதல் பை பூப்போட்டது. பூவை அவன் பொருட்படுத்தவில்லை. தோளில் மாட்டிக் குனிந்தால் நழுவி முன்னால் வந்து பிள்ளையின் முகத்தில் இடித்தது, அதனால் திரும்பிப் போயிற்று. இரண்டாவது, அப்பாக்களுக்கென்றே செய்ததாக அட்டையில் எழுதியிருந்த பை. பட்டாளத்துப் பச்சை நிறம், இருபத்து மூன்று அறைகள். உள்ளே வைத்த, பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் சூப்பானை இரண்டு நாள் தேடினான். அப்பாக்கள் என்றால் போருக்குப் போகிறவர்கள் என்று யார்தான் முடிவு கட்டினார்களோ!

வாசலில் ஹார்ன் அடித்தது. ஆர்வோவின் அப்பா ரெய்னோ வந்துவிட்டார். காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். ஆர்வோ பின்சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார வேண்டுமே, அதற்காக ஓட்டுநராக வந்திருக்கிறார்.

"வெளியில மைனஸ் இருபத்தாறு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். "சீக்கிரம் வாடா. வண்டி சூடா இருக்கறப்பவே கிளம்பிடணும். என்னம்மா காலீன், உன் வீட்டுக்காரனுக்கு இன்னொரு கை வாங்கிக் குடுத்துட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே?"

"கடையில கிடைச்சா ரெண்டா வாங்கிட்டு வாங்க மாமா" என்றாள் காலீன். சிரித்தாள். ஆனால் கதவைச் சாத்தும்போது அவள் முகம் சிரிக்கவில்லை.

*

கடையில் பை வரிசை ஒரு சுவர் முழுக்க இருந்தது. ஆர்வோ அதன் முன்னால் நின்ற விதத்தைப் பார்த்து, விற்பனைப் பெண் டார்லா தானாகவே அருகில் வந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், இந்த மாதிரி அப்பாக்களைத் தினமும் பார்க்கிறவள்.

"என்ன மாதிரி பாக்கறீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையால டயபர் எடுக்கணும்" என்றான் ஆர்வோ.

"கண்ணை ஏங்க மூடணும்?"

"கண்ணு பிள்ளை மேல இருக்கும்ல?"

டார்லா ரெய்னோவைப் பார்த்தாள். ரெய்னோ தோளைக் குலுக்கினார். "இவன் கம்பத்துல ஏறறவன்மா. அங்க இடுப்புல தொங்கற சாமானை எல்லாம் பாக்காமலே எடுக்கணும். அந்தப் பழக்கம். என் நாலு பிள்ளைக்கும் பை கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"உங்க சம்சாரம் என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள் டார்லா.

ரெய்னோ பை வரிசையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சோதனை ஆரம்பித்தது. இடது கையில் ஹில்யா. அவன் கண் மூடியிருந்தது. டார்லா செல்போனில் நேரம் பார்த்தாள். முதல் பையில் பதினான்கு விநாடி தேடி, கடைசியில் பால் புட்டியை எடுத்தான். இரண்டாவதின் ஜிப், ஒரு கையால் இழுத்தால் பையே கூட வந்தது. மூன்றாவது கீழே வைத்ததும் தொய்ந்து வாயை மூடிக்கொண்டது. நான்காவதில் உட்புறம் கறுப்புத் துணி. இருட்டில் கறுப்புச் சூப்பான் விழுந்தால் யார் கண்டுபிடிப்பது?

ஐந்தாவது பை சாம்பல் நிறம். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. வாயைச் சுற்றி உள்ளே ஒரு கம்பிச் சட்டம் இருந்ததால், திறந்தால் திறந்தபடியே நின்றது. உள்ளே வெள்ளைத் துணி. பிள்ளையைத் துடைக்கும் ஈர வைப்ஸை வெளியிலிருந்தே உருவ ஒரு பிளவு. பால் உறையாமலிருக்கப் பஞ்சு வைத்த அறை. கையுறை போட்ட விரலால்கூடக் கழற்றக்கூடிய பெரிய கொக்கிகள். முதுகில் மாட்டினால் நழுவவில்லை.

ஆர்வோ கண்ணை மூடிக் கையை விட்டான்.

"மூணு விநாடி!" என்று கத்தினாள் டார்லா. பக்கத்து வரிசையில் குழந்தை வண்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி கைதட்டினார்கள்.

ஆர்வோவுக்கு அவ்வளவு சந்தோஷம். இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சுருள் சுருளாக மெல்லிய கயிறுகளை எடுத்தான். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூட்டுக் கொக்கி. பால் புட்டி, சூப்பான், வைப்ஸ் பெட்டி, டயபர் கட்டு, மாற்றுத் துணி உறை என்று ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கயிற்றைப் பையின் வளையத்தில் மாட்டினான்.

"இது என்னடா கூத்து?" என்றார் ரெய்னோ.

"கட்டாத சாமானை மேல எடுத்துட்டுப் போகக் கூடாதுப்பா. கை நழுவி விழுந்தா கீழ நிக்கறவன் மண்டை போயிடும். எங்க வேலையில அதான் முதல் பாடம்."

"கிளினிக் தரைத்தளத்துல இருக்குடா."

ஆர்வோ காதில் வாங்கவே இல்லை. வண்டியில் ஏறி, மகள் மேல் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு, உலகத்தில் எதுவும் இனித் தன்னை அசைக்க முடியாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

*

ஐந்து கிலோ தொள்ளாயிரத்து நாற்பது!

எடைக் கருவியில் எண் நின்றதும் ஆர்வோ அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தான். நர்ஸ் எழுதிக்கொண்டாள். "நல்லா தேறிட்டா உங்க பொண்ணு. ஊசி எடுத்துட்டு வரேன், இருங்க" என்று வெளியே போனாள். அறையில் அப்பனும் மகளும், மூலை நாற்காலியில் ரெய்னோவும்.

அந்த நிமிடம் பார்த்து ஹில்யா முகத்தைச் சிவக்க வைத்து முக்கினாள். வேலை முடிந்தது. டயபரைத் தாண்டி முதுகு வரைக்கும் முடிந்தது.

"ஆஹா" என்றார் ரெய்னோ. "தொள்ளாயிரத்து நாற்பதுல பாதி இறங்கிடுச்சு போ."

ஆர்வோ பதறவில்லை. பரிசோதனை மேஜையில் அவளைக் கிடத்தி, இடது கையை அவள் மார்பின் மேல் வைத்து, வலது கையைப் பைக்குள் விட்டான். மூன்றே விநாடியில் டயபர் கட்டு கையில் சிக்கியது. இழுத்தான்.

டயபரோடு பால் புட்டி வந்தது. புட்டியோடு வைப்ஸ் பெட்டி வந்தது. அதன் பின்னாலேயே சூப்பானும் மாற்றுத் துணியும், தூண்டிலில் கோத்த மீன்போல் வரிசையாக மேஜைக்கு ஏறின. உதறினான், இன்னும் சிக்கியது. ஹில்யா ஒரு காலை உதைக்க, ஒரு கயிறு அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. கொக்கியை விடுவிக்க ஒரு கையால் அழுத்தினான். திறக்கவில்லை. தவறிக்கூடத் திறக்கக் கூடாதென்று செய்த பூட்டுக் கொக்கி ஆயிற்றே அது!

"அப்பா, வந்து இவ மேல ஒரு கையை வையேன்!"

"நானா?" ரெய்னோ நாற்காலியிலேயே பின்னுக்குப் போனார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லடா. கை வேற நடுங்குது. உனக்குத்தான் ரெண்டு கை இருக்கே, விட்டுட்டு அவுத்துடேன்."

"விட முடியாதுப்பா."

"ஏன்?"

ஆர்வோவின் நெற்றியில் வேர்த்துவிட்டது. ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததை, பிள்ளையின் மலமும் கயிறுமாகக் கிடந்த அந்த மேஜை முன்னால் நின்றுகொண்டு சொன்னான்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள், பெட்டிக்குள்ள கை வச்சிருந்தேன். மூக்கு அரிச்சுது. யோசிக்காம அந்தக் கையையே வெளிய எடுத்தேன்பா. எடுத்த உடனே மெஷின் அலற ஆரம்பிச்சுது. மூச்சு நின்னுடுச்சு. நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டி விட்டதும் திரும்ப வந்துச்சு. கையை எடுத்தது நான்தான்."

ரெய்னோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப கயிறு காலை இறுக்குதேடா. என்ன பண்ணப் போறே?"

இறுகிக்கொண்டுதான் இருந்தது. ஹில்யா முனகினாள். ஆர்வோ தன் வயிற்றை மேஜை விளிம்போடு ஒட்டி நின்று, அவள் உருண்டு விழ முடியாதபடி மறித்துக்கொண்டான். கண்ணை இறுக மூடினான். கையை எடுத்தான்.

இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துத் திருகினான். டக்கென்று திறந்தது. கயிற்றைக் கணுக்காலிலிருந்து உருவி எறிந்தான். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

ஹில்யாவின் வயிறு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

யாரும் தொடவில்லை. ஒரு குழாயும் இல்லை, மெஷினும் இல்லை. நெஞ்சுக் கூடு விரிந்து சுருங்க, காற்று மூக்கின் வழியே போய் வந்துகொண்டிருந்தது. ஆர்வோ இரண்டு கைகளையும் அந்தரத்தில் தூக்கியபடியே நின்றான். மகள் மூச்சு விடுவதை அவன் ஆயிரம் முறை உள்ளங்கையால் உணர்ந்திருக்கிறான். கை மறைக்காமல் பார்த்ததே இல்லை. வயிற்றில் தொப்புளுக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது. ஐந்தரை மாதமாக அது அவன் உள்ளங்கைக்குக் கீழேயே இருந்திருக்கிறது!

"என்னடா ஆச்சு?" என்றார் ரெய்னோ.

"மூச்சு விடறாப்பா."

"பின்ன?"

"தானாவே விடறாப்பா!"

உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் இந்த நிமிடம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கே இந்த இடத்தை எழுதும்போது ஒரு கணம் பேனா ஓடவில்லை. கம்பத்தின் உச்சியில் நின்று, ஊருக்கே விளக்கெரிய வைத்தவன்தான் ஆர்வோ. அவனே இப்படி ஒரு சங்கதியைக் கண்டதில்லை.

ரெய்னோ எழுந்து வந்தார். பேத்தியைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலை நீட்டினார். ஹில்யா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இம்புட்டுச் சின்ன விரலு" என்றார். "அதுக்கும் ஒழுங்கா ஒரு நகம் இருக்கு பாருடா. உங்களுக்கெல்லாம்கூட இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்பா."

"நான் பாக்கவே இல்லையேடா" என்றார் ரெய்னோ. விரலை அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. ஊசித் தட்டோடு வந்த நர்ஸ், மேஜையையும் அப்பனையும் தாத்தாவையும் சுற்றிக் கிடந்த கயிறுகளையும் பார்த்தாள்.

"லைன்மேனா நீங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் வீட்டுக்காரரும் அதேதான். எங்க நாயோட சோத்துத் தட்டைக்கூடக் கட்டி வச்சிருக்காரு." கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். "பை நல்ல பைதான். கயித்தை மட்டும் வெட்டிடுங்க."

ஆர்வோ வெட்டினான். இரண்டு கையாலும் மகளைத் துடைத்தான், இரண்டு கையாலும் டயபர் கட்டினான். ஊசி போட்டபோது அவள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு எவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது என்று எண்ணி அவன் கண் கலங்கச் சிரித்தான்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் கையை நீட்டினான். "சாவியைக் கொடுப்பா. நான் ஓட்டறேன்."

*

நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஊசி வலியில் அழுது களைத்து வண்டியிலேயே தூங்கிப்போன பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலிருந்த ரெய்னோ வீட்டுக்குப் போய், பால் கொடுத்து, துணி மாற்றி, விளையாட்டும் காட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. காலீன் சொன்னபடியே ஃபோன் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை. அவன் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால்.

காலீன் சமையலறையில் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றிருந்தது.

"எத்தனை தடவை தேச்சே?"

"மூணு" என்றாள். அவன் இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"திங்கக்கிழமை நீ போ. என்னால முடியும்."

கிளினிக்கில் நடந்ததையெல்லாம் சொன்னான். பெட்டி, மூக்கு அரிப்பு, மெஷின், ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த அந்த ஒரு கணம், ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும், அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

காலீன் துணியைக் கீழே போட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு நாள் அடிச்சுது, ஆர்வோ."

"என்னது?"

"அந்த மெஷின். நீ வேலைக்குப் போயிருந்தே. நான் கையை எடுக்கல. என் கை அவ மேலதான் இருந்துச்சு. நல்லா உள்ளங்கையை வச்சு மூடி வச்சிருந்தேன். அப்பதான் நின்னுச்சு."

ஆர்வோ பிள்ளையோடு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"நான் வச்சதாலதான் நின்னுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் காலீன். "அழுத்திட்டேனோ, என் கை பாரமோன்னு. அதான் பால் குடுத்த உடனே உன்கிட்ட நீட்டிடுவேன். நீ கவனிச்சதே இல்லையா? நீ விடாம வச்சிருந்தே. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வேலைக்குப் போறேன் போறேன்னு நான் குதிச்சது அந்த சூப்பர்வைசர் சீட்டுக்கா, இவகிட்ட இருந்து தப்பிச்சு ஓடறதுக்கான்னு எனக்கே தெரியல."

ஒரே வீட்டில், ஒரே தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, எடுத்த கைக்காக ஒருவனும் வைத்த கைக்காக ஒருத்தியும் ஐந்து மாதம் தண்டனை அனுபவித்திருக்கிறார்கள். பிள்ளையோ இருவரையும் கேட்காமல் அன்றும் மூச்சை நிறுத்தினாள், இருவரையும் கேட்காமலே இன்றும் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆறு மணிக்குப் பதில் சொல்லணுமே" என்றான் ஆர்வோ, குரல் எழும்பாமல். "பத்து நிமிஷம்கூட இல்ல. என்னன்னு சொல்லப் போறே?"

காலீன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவற்றை மடக்கிக்கொள்ளவில்லை.

"அவங்க காத்திருக்கட்டும். முதல்ல அவளை என்கிட்ட குடு."